வானத்தின் வேடங்கள் – 9: எதிரியின் மூக்குக்குள் மெர்லின்

சென்ற வாரம் பால் மான்ட்ஸைப் பார்த்தோம். 1946-இல் அமெரிக்க அரசு கழித்துக்கட்டிய 475 போர் விமானங்களைச் சுமார் 55,000 டாலருக்கு மொத்தமாக வாங்கிய சினிமா விமானி அவர். 'ட்வெல்வ் ஓ'கிளாக் ஹை' படத்துக்காக நான்கு இன்ஜின் கொண்ட பி-17 குண்டுவீச்சு விமானத்தைத் தனியாளாக ஓட்டிவந்து, சக்கரங்களை இறக்காமலே வயிற்றால் தரையில் உராய்ந்து நிறுத்திக் காட்டினார்.

அது நடந்தது 1949-இல். அன்றைக்குப் போர் விமானங்கள் சீண்டுவாரின்றிக் கிடந்தன. ஒன்று நொறுங்கினால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. உலகம் ஜெட் யுகத்துக்குள் போய்விட்டது. பழைய விமானங்கள் காயலான் கடைக்குப் போயின, அலுமினியமாக உருகின.

அந்த நேரத்தில்தான் இருவர் ஒரு படம் எடுக்கக் கிளம்பினார்கள். அதற்கு ஒரு விமானம் போதாது. ஒரு விமானப்படையும் போதாது. இரண்டு விமானப்படைகள் வேண்டும்.

குதிரைத் திருடன்

ஒருவர் ஹாரி சால்ட்ஸ்மன், ஜேம்ஸ் பாண்ட் படங்களின் தயாரிப்பாளர்களில் ஒருவர். மற்றவர் பென் ஃபிஷ், போலந்தில் பிறந்து, போரின்போது பிரிட்டன் விமானப்படையில் பணியாற்றியவர். இயக்குநர் 'கோல்ட்ஃபிங்கர்' எடுத்த கை ஹாமில்டன். படத்தின் பெயர் 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்'.

1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை இங்கிலாந்தின் வானத்தில் நடந்த போரைத் திரையில் மறுபடி நடத்திக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் ஸ்பிட்ஃபயரும் ஹரிகேனும். மறுபக்கம் மெஸ்ஸர்ஷ்மிட் 109 சண்டை விமானங்களும் ஹைன்கல் 111 குண்டுவீச்சு விமானங்களும்.

வெறுங்கை முழம் போடுமா? விமானங்களைத் தேடும் பொறுப்பு ஹமிஷ் மஹாடி என்ற ஸ்காட்லாந்துக்காரரிடம் வந்தது. போர்க்காலத்தில் அவர் பாத்ஃபைண்டர் படையின் அதிகாரி. இருட்டில் முன்னால் பறந்து போய், இலக்கின்மேல் வெளிச்சம் போட்டு மற்றக் குண்டுவீச்சு விமானங்களுக்கு வழிகாட்டும் படை அது. அதற்காக மற்றப் படைப்பிரிவுகளின் தலைசிறந்த விமானிகளையெல்லாம் தம் பக்கம் இழுத்துக்கொண்டு வந்ததால் அவருக்குக் 'குதிரைத் திருடன்' என்றே பட்டப்பெயர். 1964-இல் வந்த '633 ஸ்குவாட்ரன்' படத்துக்கு மஸ்கிட்டோ விமானங்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

பிரிட்டன் தரப்பைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. முகாம் வாசல்களில் காட்சிக்கு நின்ற ஸ்பிட்ஃபயர்கள், அருங்காட்சியகங்களில் தூசி படிந்தவை, தனியார் வைத்திருந்தவை என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். கடைசியில் 27 ஸ்பிட்ஃபயர்கள் தேறின. அவற்றில் பறக்கக்கூடியவை 12. ஹரிகேன்கள் ஆறு. பறக்கக்கூடியவை மூன்றே மூன்று.

ஜெர்மன் தரப்புக்கு? தோற்ற நாட்டின் விமானங்களை யார் பாதுகாத்து வைப்பார்கள்? 1940-இல் இங்கிலாந்துக்கு வந்த 109-களில் ஒன்றைக்கூடப் பறக்கும் நிலையில் படக்குழுவால் பிடிக்க முடியவில்லை.

செவில் நகரத்துப் புறாக்கள்

விடை இருந்தது ஸ்பெயினில். அது அங்கே எப்படி வந்தது என்று பார்க்க 1942-க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டு மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் 'ஜி' ரகத்தைத் தன் மண்ணிலேயே தயாரித்துக்கொள்ள ஸ்பெயின் ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்டது. செவில் நகரத்து ஹிஸ்பானோ தொழிற்சாலையில் வேலை தொடங்க வேண்டும். ஆனால் ஜெர்மனிக்கே விமானம் போதாத காலம் அது. ஸ்பெயினுக்கு வந்துசேர்ந்தவை 25 உடற்கூடுகள். இன்ஜின் இல்லை, வால் இல்லை.

ஹிஸ்பானோ பொறியாளர்கள் சளைக்கவில்லை. கைக்குக் கிடைத்த ஹிஸ்பானோ-சூயிசா இன்ஜினை அந்த உடலில் பொருத்தி 1945-இல் பறக்கவிட்டார்கள். அது திருப்தியாக அமையவில்லை. பல ஆண்டுகள் இழுபறியாக ஓடின.

1954-இல் திருப்பம் வந்தது. பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜினைக் கொண்டுவந்து அதே உடலின் மூக்கில் ஏற்றினார்கள். ஸ்பிட்ஃபயரைப் பறக்கவைத்த இன்ஜின். ஹரிகேனைப் பறக்கவைத்த இன்ஜின். 1940-இல் எந்த விமானத்தைச் சுட்டு வீழ்த்த அந்த இன்ஜின் இரவு பகலாக உழைத்ததோ, அதே விமானத்துக்குள் அது குடியேறியது.

விமானம் நன்றாகவே பறந்தது. தோற்றம்தான் மாறிப்போனது. ஒல்லியாக, கூராக இருந்த 109-இன் மூக்குக்குக் கீழே ஒரு தடித்த தாடை முளைத்தது. நெஞ்சை உப்பிக்கொண்டு நடக்கும் புறா ஒன்று அந்தப் பக்கத்தில் உண்டு. அதன் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள்: புச்சோன்.

1965 வரை புச்சோன்கள் ஸ்பெயின் விமானப்படையில் இருந்தன. அவை பணி ஓய்வு பெற்ற சமயம் பார்த்துத்தான் படக்குழு தேடிக்கொண்டு வந்தது. 27 புச்சோன்கள் கிடைத்தன. பறக்கும் நிலைக்கு வந்தவை 17.

ஹைன்கல் கதையும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான். காசா என்ற ஸ்பானிய நிறுவனம் உரிமம் பெற்று ஹைன்கல் 111-ஐத் தயாரித்தது. ஜெர்மன் இன்ஜின்கள் தீர்ந்துபோனதும் அதற்கும் மெர்லினே கைகொடுத்தது. 1968-இல் அவை இன்னும் ஸ்பெயினின் பணியில் இருந்தன. 32 விமானங்கள் படத்துக்கு வந்தன.

இப்போது கணக்குப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரில் மெர்லின். ஹரிகேனில் மெர்லின். 'மெஸ்ஸர்ஷ்மிட்டில்' மெர்லின். 'ஹைன்கலில்' ஒன்றுக்கு இரண்டு மெர்லின். அந்தப் படத்தின் வானத்தில் மோதிக்கொண்ட இரு படைகளுக்கும் ஏறக்குறைய ஒரே இன்ஜின்தான்.

புகைக்குழாயைப் பாருங்கள்

படத்தில் ஒரு 109 பக்கவாட்டில் கடக்கும்போது நிறுத்திவைத்துப் பாருங்கள். இறக்கையில் கறுப்புச் சிலுவை இருக்கும், வாலில் ஸ்வஸ்திகா இருக்கும். அவை பெயிண்ட். பெயிண்டை நம்பி விமானத்தை அடையாளம் காணக் கூடாது. இந்தத் தொடரின் முதல் வாரத்திலிருந்து நான் விடாமல் சொல்லிவரும் விஷயம் இதுதான்.

நேராக மூக்குக்குப் போங்கள். பக்கவாட்டில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் குட்டையான புகைக்குழாய்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன?

1940-இன் 109-க்குள் இருந்தது டைம்லர்-பென்ஸ் இன்ஜின். பன்னிரண்டு சிலிண்டர்கள், ஆனால் தலைகீழ். ஆங்கில 'வி' எழுத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல் சிலிண்டர்கள் கீழ்நோக்கித் தொங்கும். அதனால் இன்ஜினின் மேல்பகுதி குறுகலாகி விமானிக்கு முன்னால் பார்வை தெளிவாகும், துப்பாக்கிகளை மேலே பொருத்தவும் இடம் கிடைக்கும். சிலிண்டர் தலைகள் அடியில் இருப்பதால் புகைக்குழாய்களும் மூக்கின் கீழ்ப்பகுதியிலேயே ஓடும்.

மெர்லினுக்கும் பன்னிரண்டு சிலிண்டர்தான். ஆனால் அது நேராக நிற்கிறது, சிலிண்டர்கள் மேல்நோக்கி விரிகின்றன. ஆகவே புகைக்குழாய்களும் மேலே, மூக்கின் தோள்பட்டை உயரத்தில் வரும்.

புகைக்குழாய் தாழ்ந்திருந்தால் ஜெர்மன் இன்ஜின். உயர்ந்திருந்தால் வேடம். அடுத்து விசிறி: அசல் 109-க்கு மூன்று இதழ், புச்சோனுக்கு நான்கு. விசிறி சுழலும்போது இதழை எண்ண முடியாது, தரையில் நிற்கும் காட்சிகளில் எண்ணிவிடலாம்.

ஹைன்கலுக்கும் இதே பாடம் பொருந்தும். கண்ணாடியால் ஆன அந்த வட்ட மூக்கு அசல்போலவே இருக்கிறது. அதைப் பார்த்து மயங்காமல், இரண்டு இறக்கைகளிலும் உள்ள இன்ஜின் கூடுகளைப் பாருங்கள். மெர்லினுக்கே உரிய பெருத்த தாடையும் உயர்ந்த புகைக்குழாய்களும் தெரியும்.

படக்குழு இதையெல்லாம் அறியாமல் செய்யவில்லை. புச்சோனின் உடல் பிற்கால 'ஜி' ரகம், அதன் இறக்கை நுனிகள் வட்டம். 1940-இன் 'இ' ரகத்துக்கு நுனி சதுரம். எனவே வட்ட நுனிகளைக் கழற்றினார்கள். 'இ' ரகத்தின் வால் இறக்கையைத் தாங்கிப் பிடிக்க அடியில் முட்டுக்கம்பி உண்டு, பிற்கால ரகங்களுக்கு அது தேவைப்படவில்லை. படத்துக்காகப் பொய்க் கம்பிகளை வைத்தார்கள். பொய்த் துப்பாக்கிகளை வைத்தார்கள். மாற்ற முடியாமல் விட்டது மூக்கை மட்டும். மூக்கை மாற்ற வேண்டுமானால் இன்ஜினை மாற்ற வேண்டும். இன்ஜின் எங்கே கிடைக்கும்?

வால் கம்பி வரை யோசித்த அந்த மனிதர்களை நான் மதிக்கிறேன். திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூடக் கண்ணில் படாத கம்பி அது.

1935, ஆக்ஸ்பர்க்

'ஜெர்மன் விமானத்துக்கு பிரிட்டிஷ் இன்ஜினா?' என்று படம் வந்தபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் இன்னும் பின்னால் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

1935 மே மாதம். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க். மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் முதல் மாதிரி விமானம் முதன்முதலாகத் தரையை விட்டு எழுகிறது. உடல் தயார், ஆனால் அதற்கென்று திட்டமிட்ட ஜெர்மன் இன்ஜின் இன்னும் தயாராகவில்லை. அதனால் மூக்கில் வேறொரு இன்ஜினை வைத்திருந்தார்கள்.

அது ரோல்ஸ் ராய்ஸ் கெஸ்ட்ரல்.

ஆமாம், 109 பிறந்ததே பிரிட்டிஷ் இன்ஜினோடுதான். அதே ஆண்டு செப்டம்பரில் பறந்த ஸ்டூக்கா குண்டுவீச்சு விமானத்தின் முதல் மாதிரிக்கும் கெஸ்ட்ரல்தான். ஐந்தே ஆண்டுகளில் இவ்விரு விமானங்களும் அந்த இன்ஜினைச் செய்த நாட்டின்மேலேயே படையெடுத்துப் போயின. ஸ்பெயினில் மெர்லினைப் பொருத்தியபோது, 109-இன் வம்சம் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

யார் யாராக நடித்தார்கள்?

1968 மார்ச்சில் ஸ்பெயினில் படப்பிடிப்பு தொடங்கியது. சுமார் நூறு விமானங்கள் சேர்ந்திருந்தன. பிறகு புச்சோன்கள் பதினேழும் ஹைன்கல்கள் இரண்டும் இங்கிலாந்துக்குப் பறந்தன. கறுப்புச் சிலுவை தரித்த விமானங்கள் மீண்டும் இங்கிலாந்தின் வானத்தில்! 1940-ஐ நேரில் கண்டவர்கள் அப்போது நடுவயதில் இருந்தார்கள். தலையை உயர்த்திப் பார்த்த அவர்களின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும்!

விமானங்களைப் படம் பிடித்ததும் ஒரு விமானம்தான். பி-25 மிட்செல் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் மூக்கிலும் வாலிலும் பக்கவாட்டிலும் கேமராக்களை வைத்தார்கள். மற்ற விமானிகள் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு வரிசை பிடிக்க வசதியாக, கண்ணைப் பறிக்கும் வண்ணங்களை அதன்மேல் அடித்திருந்தார்கள்.

ஆலோசகர்களாக இருந்தவர்கள் அந்தப் போரில் எதிரெதிரே பறந்தவர்கள். பிரிட்டன் தரப்பில் ராபர்ட் ஸ்டான்ஃபர்ட் டக், ஜெர்மன் தரப்பில் அடோல்ஃப் கல்லாண்ட்.

ஸ்பிட்ஃபயர்கள் மட்டும் அசலா என்றால், அங்கேயும் கண் வேண்டும். 1940-இல் பறந்தவை முதல் இரண்டு ரகங்கள். படத்தில் ஒன்பதாம் ரகமும் பதினாறாம் ரகமும்கூட இருந்தன. அவை போரின் பிற்பகுதியில் வந்தவை. வயிற்றுப் பக்கம் காட்டித் திரும்பும்போது பிடித்துவிடலாம். முதல் ரகத்தில் ஒரு இறக்கைக்கு அடியில் அகலமான ரேடியேட்டர் பெட்டி, மறு இறக்கைக்கு அடியில் ஒல்லியான எண்ணெய்க் குளிர்விப்பான். இரண்டும் சமமாக இருக்காது. ஒன்பதாம் ரகத்தில் இரு பக்கமும் ஒரே அளவில் பெட்டிகள் தொங்கும்.

ஹரிகேன் விஷயத்தில்தான் எனக்குத் தீராத மனக்குறை. 1940-இல் ஸ்பிட்ஃபயர்களைவிட ஹரிகேன்களே எண்ணிக்கையில் அதிகம். வீழ்த்தப்பட்ட எதிரி விமானங்களில் பாதிக்கு மேல் அவற்றின் கணக்கில்தான் வருகின்றன. ஆனால் 1968-இல் பறக்கக் கிடைத்தவை மூன்று. அதனால் திரையில் ஸ்பிட்ஃபயரே நாயகன் ஆனது, போரின் பெரும்பாரத்தைத் தாங்கிய ஹரிகேன் ஓரத்துக்குப் போனது. படத்தைப் பார்த்த தலைமுறையின் நினைவிலும் அப்படியே பதிந்தது.

போலந்துப் பயிற்சி விமானிகள் கட்டளையை மீறி எதிரியை நோக்கித் திரும்பும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஹரிகேன்கள் அணிவகுத்துப் பறக்கின்றன. முன்னால் இருப்பவை அசல். தூரத்தில் தெரியும் மூன்று ஹரிகேன்கள்? அவை புச்சோன்கள். ஹரிகேனின் வண்ணம் அடித்து, பிரிட்டனின் வட்டச் சின்னம் வரைந்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு காட்சியில் எதிரியாகவும் இன்னொன்றில் நண்பனாகவும் வந்தது ஒரே ரக விமானம்.

இறக்கையில் ஒரு ஒட்டு

இத்தனை வேடங்களுக்கு நடுவே ஒரு விமானம் தானாகவே வந்து நின்றது.

அதன் எண் பி7350. இரண்டாம் ரக ஸ்பிட்ஃபயர். 1940 ஆகஸ்டில் பணிக்கு வந்தது. அக்டோபர் 25 அன்று லுட்விக் மார்டெல் என்ற போலந்து விமானி அதை ஓட்டிக்கொண்டிருந்தபோது, அசல் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஒன்று அதைச் சுட்டது. இடது இறக்கை துளைபட்டது. காயம்பட்ட நிலையிலும் மார்டெல் எப்படியோ அதைத் தரையில் இறக்கிவிட்டார்.

பழுது பார்த்தார்கள். விமானம் போரைத் தாண்டியது. 1948-இல் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டது. வாங்கிய நிறுவனத்துக்கு அதன் அருமை தெரிந்திருந்தது. உடைக்க மனமில்லாமல், கோலர்னில் இருந்த விமானப்படை அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அங்கே அசையாமல் நின்றது.

படத்துக்காக விமானம் தேடி வந்தபோது அதைப் பிரித்துப் பார்த்தார்கள். பறக்க வைக்க முடியும் என்று தெரிந்தது. 1940-க்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பி7350 மறுபடி வானத்தில் ஏறி, தான் உண்மையிலேயே போரிட்ட போரைக் கேமராவுக்காக இன்னொரு முறை நடத்தியது. இம்முறை எதிரே வந்தவை நான்கு இதழ் விசிறி கொண்ட 109-கள்.

படம் முடிந்ததும் அது பிரிட்டன் விமானப்படையின் நினைவுப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1940-இல் பட்ட குண்டுத் துளைகளை மூடிய ஒட்டுகளை அதன் இடது இறக்கையில் இன்றும் காணலாம்.

இந்த ஒரு விமானத்துக்காகவே அந்தப் படத்தின் எல்லா வேடங்களையும் நான் மன்னிப்பேன். படம் எடுத்திருக்காவிட்டால் எத்தனையோ ஸ்பிட்ஃபயர்கள் முகாம் வாசல்களிலேயே துருவேறிப் போயிருக்கும். பழைய போர் விமானங்களைச் சீராக்கிப் பறக்கவைக்கும் இயக்கம் பிரிட்டனில் வேர்விட்டதில் இந்தப் படத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

மன்னிக்க முடியாத ஒன்றும் உண்டு. டக்ஸ்ஃபர்ட் விமானத்தளத்தில், முதல் உலகப்போர்க் காலத்தில் கட்டிய ஹேங்கர் ஒன்றைக் குண்டுவீச்சுக் காட்சிக்காக நிஜமாகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1940-இல் ஜெர்மானியர் விட்டுவைத்த கட்டடம் அது. அதே தளம் இன்று பழைய விமானங்களைக் காக்கும் மாபெரும் அருங்காட்சியகம். அந்த ஹேங்கர் நின்ற இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

ஓசை நின்ற இடம்

1969 செப்டம்பர் 15 அன்று லண்டனில் படம் வெளியானது. அந்தப் போரின் வெற்றியை பிரிட்டன் நினைவுகூரும் நாள் அது.

உச்சக்கட்ட வான்போரில் ஒரு விசித்திரம் செய்திருக்கிறார்கள். இன்ஜின் இரைச்சல், துப்பாக்கி ஓசை எல்லாம் அடங்கிவிடுகின்றன. வில்லியம் வால்டன் அமைத்த இசை மட்டும் ஒலிக்கிறது. அவர் அமைத்த மற்ற இசையையெல்லாம் தூக்கிவிட்டு ரான் குட்வினிடம் புதிதாக வாங்கிய தயாரிப்பாளர்கள், இந்த ஒரு பகுதியை மட்டும் விட்டுவைத்தார்கள். இரு தரப்பிலும் ஒரே மெர்லின் பாடும் படத்தில், சண்டை உச்சத்துக்கு ஏறும் இடத்தில் மெர்லினின் குரலே கேட்கவில்லை. காதை நம்ப முடியாத அந்த நிமிடங்களில் கண்ணுக்கு மட்டுமே வேலை.

புச்சோன்களின் கதை அதோடு முடியவில்லை. படத்தில் பறந்த டெக்சாஸ்காரர் கானி எட்வர்ட்ஸ், சம்பளத்துக்குப் பதிலாகச் சில புச்சோன்களை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். அவை பல பத்தாண்டுகள் அவருடைய கொட்டகையில் கிடந்தன, படத்துக்கு அடித்த பெயிண்ட்கூடக் கலையாமல். வேறு புச்சோன்கள் 1990-இல் 'மெம்ஃபிஸ் பெல்' படத்தில் வந்தன. 2017-இல் கிறிஸ்டோபர் நோலனின் 'டன்கிர்க்' படத்தில், மஞ்சள் மூக்கோடு கடலுக்கு மேல் பாய்ந்து வரும் 109-ஐப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புகைக்குழாய்கள் எந்த உயரத்தில் இருந்தன என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் இந்தப் படப்பிடிப்பு முடியும் தறுவாயில், அட்லாண்டிக் கடலின் மறுபுறத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியதை 'டோரா! டோரா! டோரா!' என்ற பெயரில் எடுக்க ஃபாக்ஸ் நிறுவனம் தீர்மானித்திருந்தது. அன்று தாக்க வந்தவை 353 விமானங்கள். சண்டை விமானமான ஜீரோ, தாழப் பறந்து டார்பிடோ வீசும் விமானம், செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானம் என்று மூன்று ரகங்கள்.

ஜெர்மன் விமானங்களுக்காவது ஸ்பெயின் என்ற ஒரு கிடங்கு இருந்தது. ஜப்பான் விமானங்களை உரிமம் வாங்கித் தயாரித்து, போருக்குப் பின்னும் பறக்கவிட்ட நாடு எதுவும் கிடையாது. பத்தாயிரத்துக்கு மேல் தயாரான ஜீரோக்களில், படத்துக்குப் பறக்கக் கிடைத்தது ஒன்றுகூட இல்லை.

ஆனாலும் 1970-இல் திரையில் ஜீரோக்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. தரைக்கு மிக நெருக்கமாக, தென்னைகளை உரசிக்கொண்டு வந்தன. அவை எந்த நாட்டு விமானங்கள்? எந்தப் பள்ளியில் யாருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவை?

(அடுத்த வாரம்)